கைத்தொலைபேசியில் கணிப்பான்: தெரிவு செய்வது எங்ஙனம்?



சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் வாயிலில் நின்று என்னிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று மீண்டும் மீண்டும் வருவதுண்டு. "மாஸ்ரர், பிள்ளையின்ரை போனிலை எந்தக் கல்குலேற்றரைப் போட்டுக் குடுக்கலாம்?" என்பதே அது. தாயகத்தில் நான் கணித ஆசிரியனாகப் பணிபுரிந்தவன் என்பதை அவர்கள் அறிவார்கள். இலண்டனில் நான் கற்பிப்பது தமிழே ஆயினும், எண் பற்றிய கேள்விகளும் என்னைத் தேடி வந்துவிடுகின்றன. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபில் வந்தவர்கள் அல்லவா நாம்!

ஒரு செயலியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆயினும் அது முழுமையான விடையாகாது. எந்தக் கணிப்பானைத் தெரிவு செய்வது என்பதோடு, அதனிடம் எப்படிக் கேட்பது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை நான் கற்றுக்கொள்வதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. அதனையும் இம்மலரில் மறைக்காமல் எழுதுகின்றேன்.

மடக்கை அட்டவணையிலிருந்து தொடுதிரைக்கு

1614ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் நேப்பியர் மடக்கை என்னும் முறையை உலகுக்கு வெளியிட்டார். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித் தரும் அம்முறையே அதன்பின் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக மாலுமிகளுக்கும் பொறியியலாளருக்கும் மாணவருக்கும் துணைநின்றது. 1971இல் யப்பானிய நிறுவனமான பிசிகொம், சட்டைப் பையில் அடங்கும் கணிப்பான் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் எச்.பி.-35 என்னும் அறிவியற் கணிப்பானை வெளியிட்டது. அதன் விலை 395 அமெரிக்க டொலர். அன்று அவ்வளவு பணம் கொடுத்துப் பெற்றதிலும் கூடிய ஆற்றல் இன்று நம் கைத்தொலைபேசியில் விலையின்றிக் கிடக்கின்றது.

நான் சாதாரண தரத்துக்குப் படித்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறிகளைக் கொண்டுவருவதற்கும் தடை இருந்தது. எங்கள் கணித ஆசிரியரிடம் சூரிய ஒளியில் இயங்கும் சிறிய கணிப்பான் ஒன்று இருந்தது. பகலில் முற்றத்து வெளிச்சத்தில் உயிர்பெறும் அது, இரவில் குப்பி விளக்கின் முன் வைத்தால் ஓர் எண்ணையும் காட்டாது. ஆகவே இரவுப் படிப்புக்கு மடக்கை அட்டவணையும் மனக்கணக்குமே கதி. விடையைக் காண்பதற்கு முன் "ஏறத்தாழ எவ்வளவு வரும்?" என்று அண்ணளவாகச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் கட்டளை. மடக்கை அட்டவணை இலக்கங்களைத் தருமேயன்றித் தசமப் புள்ளி எங்கே விழும் என்பதை நாமே அறிந்திட வேண்டும். அதனால் அக்கட்டளை எமக்குப் பழக்கமாயிற்று.

நான் இழந்த நாற்பது மணித்தியாலங்கள்

2009ஆம் ஆண்டின் பின் நாட்டைவிட்டு வெளியேறி, அகதியாக இந்நாட்டை வந்தடைந்து, வேலை செய்யும் அனுமதி கிடைத்ததும் ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நாளொன்றுக்கு 7 மணித்தியாலம் 30 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள். வார இறுதியில் மொத்த நேரத்தை நாமே கணக்கிட்டு, தாளில் எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தல் வேண்டும்.

களைப்போடு பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபடி கைத்தொலைபேசியை எடுத்து 7.30ஐ 5ஆல் பெருக்கினேன். 36.5 என்றது. அவ்வாறே எழுதினேன். அடுத்த வாரமும் அதுவே. அதற்கடுத்த வாரமும் அதுவே. இவ்வாறு ஏறத்தாழ நாற்பது வாரங்கள் கழிந்தன.

இப்பாடசாலையில் தொண்டராசிரியனாகச் சேர்ந்த புதிதில், சிறுவர் வகுப்பொன்றில் தமிழில் நேரம் சொல்லக் கற்பித்துக் கொண்டிருந்தேன். ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஏழரையும் ஏழரையும் எவ்வளவு?" என்று கேட்டேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சற்றும் தயங்காமல் "பதினைந்து" என்றாள். "சரி" என்று சொல்ல வாயெடுத்த நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏனெனில் என் தொலைபேசியின் கணக்கில் இரண்டு நாள் உழைப்பு 14.6 ஆக அல்லவா இருந்தது!

மாணவர்களே, பிழை எங்கே என்பதைக் கண்டுகொண்டீர்களா? ஒரு மணித்தியாலத்தில் அறுபது நிமிடங்கள் உண்டு. முப்பது நிமிடம் என்பது அரை மணித்தியாலம். தசமத்தில் அது 0.5. நானோ 7.5 என்று அழுத்த வேண்டிய இடத்தில் 7.30 என்று அழுத்தினேன். கணிப்பான் அதனை ஏழும் பத்தில் மூன்றும் என எடுத்துக்கொண்டது. சரியான விடை 37.5. ஆகவே வாரத்துக்கு ஒரு மணித்தியாலம். நாற்பது வாரங்களுக்கு நாற்பது மணித்தியாலங்கள். ஒரு முழு வார உழைப்பிலும் அதிகமான ஊதியத்தை நானே என் கையால் எழுதி இழந்தேன். பொறுப்பாளரிடம் சொன்னபோது இறுதி மாதத்துக்குரியதை மட்டும் திருத்தித் தந்தார். முந்திய கணக்குகள் முடிக்கப்பட்டுவிட்டன என்றார். அவரைக் குறைகூறி என்ன பயன்? தாளில் இருந்த கையொப்பம் என்னுடையது.

இதில் கணிப்பான் எப்பிழையும் செய்யவில்லை. 7.30ஐ 5ஆல் பெருக்கினால் 36.5தான். கணிப்பான் நாம் அழுத்தியதற்கு விடை சொல்லும்; நாம் அழுத்தியது நாம் கேட்க நினைத்ததுதானா என்று சொல்லாது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அனைத்தும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

சோதித்துத் தெரிக

எந்தச் செயலியையும் அதன் அழகையோ நட்சத்திரப் புள்ளிகளையோ பார்த்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கீழ்வரும் சோதனைகளைச் செய்து பாருங்கள். பிள்ளையும் பெற்றோரும் ஒருங்கிருந்து செய்தால் அதுவே ஒரு கணித பாடமாக அமையும்.

1. செய்கை வரிசையை மதிக்கின்றதா? 2 + 3 × 4 என்று அழுத்துங்கள். பெருக்கலை முதலில் செய்தல் கணித விதி. எனவே விடை 14. ஆனால் மலிவான மேசைக் கணிப்பான்கள் பல, வந்த வரிசையிலேயே 2ஐயும் 3ஐயும் கூட்டி, 4ஆல் பெருக்கி, 20 என்று காட்டும். விண்டோஸ் கணினியிலுள்ள கணிப்பானே சாதாரண நிலையில் 20 என்றும் அறிவியல் நிலையில் 14 என்றும் சொல்வதைக் காணலாம். கடைக் கணக்கைத் தொடர்ந்து கூட்டிச் செல்வோருக்கு முதலாவது முறை வசதியாக இருக்கலாம். மாணவருக்கு வேண்டியது 14 என்று சொல்லும் கணிப்பானே.

2. நாம் அழுத்தியதைத் திரையில் காட்டுகின்றதா? இறுதி எண்ணை மட்டும் காட்டும் கணிப்பானில் பிழையைத் தேட வழியில்லை. 2017இல் ஐபோனின் புதிய மென்பொருளில் ஒரு குறை வெளிப்பட்டது. 1 + 2 + 3 என்று விரைவாக அழுத்தினால் 6க்குப் பதிலாக 24 வந்தது. பொத்தான் மங்கி மீளும் அசைவு முடிவதற்குள் அழுத்திய இரண்டாவது கூட்டற்குறி பதிவாகாமல் போக, கணக்கு 1 + 23 ஆகிவிட்டதே காரணம். அவ்வாண்டின் இறுதியிலேயே அது திருத்தப்பட்டது. ஐபோனின் கணிப்பான் நாம் அழுத்திய கோவையையும் பழைய கணக்குகளின் பட்டியலையும் காட்டத் தொடங்கியது 2024இல் வந்த பதிப்பிலேயே. அன்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்கான கூகுள் கணிப்பானிலும் இவ்வசதி உண்டு. இவ்வசதி இல்லாத செயலியை மாணவர் தவிர்த்தல் நன்று.

3. மறைக்குறியை எவ்வாறு கொள்கின்றது? −3² என்பதன் விடை −9. ஏனெனில் முதலில் 3 வர்க்கிக்கப்படுகின்றது; பின்னரே மறைக்குறி சேர்கின்றது. மறை மூன்றையே வர்க்கிக்க விரும்பினால் (−3)² என அடைப்புக்குறி இடல் வேண்டும். அப்போது விடை 9. எக்செல் விரிதாளில் அடைப்புக்குறி இன்றியே இதனை எழுதினாலும் 9 என்றே வரும். கருவிக்குக் கருவி வழக்கம் வேறுபடுகின்றது. ஐயம் உள்ள இடத்தில் அடைப்புக்குறி இடுவதே பாதுகாப்பு.

4. வீதக் குறிக்கு என்ன பொருள் கொள்கின்றது? 200 + 10% என்று அழுத்துங்கள். சில கணிப்பான்கள் 200இன் பத்து வீதத்தைக் கூட்டி 220 என்னும். வேறு சில 10%ஐ வெறும் 0.1 எனக் கொண்டு 200.1 என்னும். கடைக் கழிவையும் வரியையும் கணக்கிடுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம்.

5. பாகையா, ஆரையனா? சைன் 30 என்று அழுத்தினால் 0.5 வரவேண்டும். −0.988 என்று வந்தால், கணிப்பான் கோணத்தை ஆரையனில் எடுத்துக்கொண்டிருக்கின்றது. உயர் வகுப்பு மாணவரின் சரியான செய்கைகள் பல இவ்வொரு தெரிவினால் பிழையான விடையில் முடிவதைக் கண்டிருக்கின்றேன். எந்த அலகில் இருக்கின்றது என்பதைத் திரையில் தெளிவாகக் காட்டும் செயலியே சிறந்தது.

6. நுண்மை எவ்வளவு? 1ஐ 3ஆல் வகுத்து, மீண்டும் 3ஆல் பெருக்குங்கள். 1 வருதல் முறை. எளிய கணிப்பான்கள் 0.9999999 என்று காட்டும். அவை குறிப்பிட்ட அளவு இலக்கங்களையே நினைவில் வைப்பதால் மிகுதி உதிர்ந்துவிடுகின்றது. இதனிலும் கடினமான சோதனை ஒன்றுண்டு. 10இன் நூறாம் அடுக்குடன் 1ஐக் கூட்டி, மீண்டும் 10இன் நூறாம் அடுக்கைக் கழியுங்கள். விடை 1. அத்தகைய பேரெண்ணின் முன் அந்த ஒன்றைத் தவறவிட்டு, கணிப்பான்கள் பல 0 என்னும். ஹான்ஸ் போம் என்னும் கணினி அறிஞரின் முயற்சியால் கூகுளின் அன்ட்ரொய்ட் கணிப்பான் அந்த ஒன்றைத் தவறவிடாதவாறு அமைக்கப்பட்டுள்ளது.

அப்படியாயின் எதனைத் தெரிவு செய்வது? சிறு வகுப்புப் பிள்ளைக்குத் தொலைபேசியோடு வரும் கணிப்பானே போதும். புதிதாக ஒன்றும் வேண்டியதில்லை. ஐபோனைப் பக்கவாட்டில் திருப்பினால் அறிவியற் கணிப்பான் தோன்றும் என்பதைப் பலர் அறியார். திரை சுழலாதவாறு பூட்டி வைத்திருந்தால் அது தோன்றாது. உயர் வகுப்பு மாணவருக்கு டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா ஆகிய செயலிகள் பெரிதும் பயன்படும். இவற்றை மாணவர் விலையின்றிப் பெறலாம். சமன்பாட்டை எழுதியதும் அதன் வரைபைக் கண்முன்னே வரைந்து காட்டுவது இவற்றின் சிறப்பு.

பெற்றோரின் கவனத்திற்கு

2010இல் ஐபாட் வெளிவந்ததிலிருந்து 2024 வரை அதனுடன் கணிப்பான் எதுவும் வழங்கப்படவில்லை. அதனால் பலரும் கண்ணிற் பட்ட ஏதோவொரு செயலியை இறக்கிக்கொண்டனர். பழைய ஐபாட்களில் அவை இன்றும் இருக்கலாம். கணக்குச் செய்வதற்கு உங்கள் இருப்பிடமோ, தொடர்பு எண்களோ, புகைப்படங்களோ தேவையில்லை. அவற்றுக்கு அனுமதி கேட்கும் கணிப்பானை உடனே நீக்கிவிடுங்கள். இடையிடையே விளம்பரம் காட்டுவனவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லுதல் என் கடமை. கணிப்பான் போன்றே தோற்றமளித்து, இரகசிய எண்ணொன்றை அழுத்தியதும் மறைத்து வைத்த படங்களைத் திறந்து காட்டும் செயலிகளும் உள்ளன. பிள்ளையின் தொலைபேசியில் இரண்டு கணிப்பான்கள் இருந்தால், சினம் கொள்ளாது, "இரண்டாவது எதற்கு?" என்று அன்போடு கேளுங்கள். சோதிப்பதற்காகவே ஒன்றை இறக்கியிருக்கவும் கூடும்.

புகைப்படக் கருவியைக் கணக்கின்மேல் பிடித்தால் படிமுறைகளோடு விடை தரும் செயலிகளும் வந்துவிட்டன. 2014இல் வெளிவந்த போட்டோமத் அவற்றுள் ஒன்று. செய்து முடித்த கணக்கைச் சரிபார்க்க இவை உதவும். செய்வதற்கு முன்பே திறந்தால், வீட்டுவேலையைச் செய்தது செயலியே, பிள்ளை அன்று.

தேர்வு மண்டபத்தில்

தேர்வு மண்டபத்துக்குள் கைத்தொலைபேசியை வைத்திருத்தல் குற்றம் என்பதை மாணவர் அறிவர். ஆகவே எவ்வளவு நல்ல செயலியாயினும் அங்கே அது துணைவராது. தேர்வுக்குக் கொண்டுசெல்லும் கைக்கணிப்பானைப் பல மாதங்களுக்கு முன்பே வாங்கி, அதன் விசைகளோடு கைப்பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பாகை, நிமிடம், செக்கன் ஆகிய குறிகளையுடைய விசை அதில் இருக்கின்றதா என்று பாருங்கள். கோணத்துக்கென அமைந்த அவ்விசை, மணித்தியாலக் கணக்கையும் பிழையின்றிச் செய்துதரும். அதனை நான் முன்பே அறிந்து பயன்படுத்தியிருப்பேனாயின்!

மேலும், இங்கிலாந்தின் ஜீ.சீ.எஸ்.ஈ. கணிதத் தேர்வின் மூன்று வினாத்தாள்களுள் ஒன்றைக் கணிப்பான் இன்றியே செய்தல் வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவருக்கான தேசியத் தேர்விலோ 2014 முதல் கணிப்பானுக்கே இடமில்லை. மனக்கணக்கு பழைய காலத்து வழக்கம் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்க.

எண்ணுக்கும் தமிழ்

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அண்ணளவாகப் பார்க்கும் பழக்கம் பெரும் பிழைகளைப் பிடிக்கும். 1 + 2 + 3 என்பது 24 ஆகாது என்று அது உடனே சொல்லும். தசமப் புள்ளி இடம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் என் பிழையை அது பிடித்திருக்காது. "ஏழைந்து முப்பத்தைந்து, அதற்குச் சற்றுக் கூட" என்று எண்ணியிருந்தால், 36.5உம் சரியாகவே தோன்றியிருக்கும். என்னை விழிக்கச் செய்தது அண்ணளவு அன்று; எண்ணின் பொருளே.

அப்பொருளை எனக்குத் தந்தது "ஏழரை" என்னும் தமிழ்ச் சொல். ஏழு முப்பது என்று சொல்லும்போது முப்பது என்னும் எண் நம்மை மயக்குகின்றது. ஏழரை என்னும்போதோ அரை என்பது சொல்லின் உள்ளேயே நிற்கின்றது. ஏழே கால் என்றால் 7.25, ஏழே முக்கால் என்றால் 7.75. சொல்லே தசமத்தைச் சொல்லிக் கொடுக்கின்றது. நம் முன்னோர் அரைக்காலுக்கு அப்பாலும் சென்று, பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்றும் முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்றும் பெயர் வைத்தனர். திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியில் அவற்றை மனனம் செய்தனர். ஏழரை என்றதும் சனியை நினைத்து அஞ்சுவோர் உண்டு; என் கணக்கைத் திருத்தித் தந்ததும் ஓர் ஏழரைதான்!

கால், அரை, முக்கால் என்று சொல்ல இயலாத நிமிடங்கள் வந்தால், அவற்றை 60ஆல் வகுத்து மணித்தியாலத்தோடு கூட்டுங்கள். 7 மணித்தியாலம் 24 நிமிடம் என்றால், 24ஐ 60ஆல் வகுக்க 0.4, ஆகவே 7.4.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. இந்த வாரம் அப்பாவோ அம்மாவோ எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு நாளையும் தமிழில் எழுதுங்கள். முதலில் மனத்தால் கூட்டுங்கள். பின்னர் நீங்கள் தெரிவு செய்த கணிப்பானில் அழுத்துங்கள். இரண்டும் ஒத்துவந்த பின் சம்பளத் துண்டோடு ஒப்பிடுங்கள். அதில் ஒரு மணித்தியாலம் குறைந்திருந்தால், நாற்பது வாரம் பொறுத்திராமல் அந்த வாரமே உங்கள் பெற்றோர் கேட்டுப் பெறட்டும்.